சாக்கடையில் போகும் சரக்கு!

கண்டரமாணிக்கத்துப் படிப்பகத்துத் தோழர்கள் நம்மை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆலைத் தண்ணீரில் அமிலம் கலந்து வருகிறது, ஆறு கெடுகிறது, கண்மாய் கெடுகிறது என்று எழுதுகிறீர்களே. அமிலம் என்பது காசு கொடுத்து வாங்கும் சரக்கு அல்லவா? அது ஏன் சாக்கடையில் போகிறது? திருப்பி எடுக்க வழியே இல்லையா? இருக்கிறதென்றால் ஏன் எடுக்கவில்லை?

செட்டிநாட்டுக் கேள்வி! வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதி, கடைசியில் ஐந்தொகை போட்டுப் பார்த்த மண் அல்லவா அது? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரேட்டோடு அந்தக் கணக்குப் புத்தி நின்றுவிடவில்லை. அவர்களுடைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், தேக்கு இழைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது வந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கேள்வியே சாட்சி. ஆகவே நாமும் கணக்காகவே பதில் சொல்லுவோம்.

இது ஏதோ படித்தவர்கள் பேசிக்கொள்ளும் ரசாயன வேடிக்கை என்று தொழிலாளத் தோழர்கள் ஒதுக்கிவிடக்கூடாது. திருப்பூரை நினைத்துப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கழிவுநீரைச் சுத்தம் செய்யாத குற்றத்துக்காகச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகவே ஆகிவிட்டிருந்தது. அதை நம்பிய உழவனின் நிலம் பாழ். நீதிமன்றத்திடம் குறை காண்பதற்கில்லை. ஆனால் பட்டறை மூடியபோது யார் அடுப்பு அணைந்தது? முதலாளிக்கு வங்கி உண்டு, வேறு ஊர் உண்டு. சாயத்தொட்டியில் கைவிட்டவனுக்கு என்ன உண்டு? கழிவைக் கவனிக்காத ஆலையில் முதலில் ஆறு சாகிறது; பிறகு வேலை சாகிறது.

திருப்பூரில் தலைமைக் குற்றவாளி உப்பும் சாயமும்தான். துணிக்குச் சாயம் ஏற்றியபின் மிஞ்சும் காரத்தை அடக்க ஊற்றுகிற அசிட்டிக் அமிலம் அங்கே சில்லறைக் கணக்கு. அந்த உப்பையே இப்போது வடிகட்டியும், கொதிக்கவைத்தும், திரும்ப எடுத்து மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். உப்பை எடுக்க முடிந்தது. அமிலத்தை?

எந்த அமிலம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவோம். பாட்டரியில் ஊற்றுகிற கந்தகத் திராவகத்தைப் பற்றியது அல்ல நம் பேச்சு. உயிருள்ள பொருள்களிலிருந்து வருகிற, கரியை உடம்பாகக் கொண்ட அமிலங்கள் இவை. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக். புளியில் இருப்பது டார்டாரிக். மோரும் நீராகாரமும் புளிப்பது லாக்டிக் அமிலத்தால். காடியில் அசிட்டிக். எறும்பு கடித்தால் எரிகிறதே, அது ஃபார்மிக். நம் அடுப்பங்கரையில் பாதி இந்தக் கூட்டம்தான்!

அடுப்பங்கரையோடு நிற்கவில்லை. மலாயாவில் செட்டிநாட்டுப் பணம் போட்டு வளர்ந்த ரப்பர்த் தோட்டங்களில், தமிழன் வெட்டி வடித்த பாலைத் தட்டில் ஊற்றி உறையவைக்க ஃபார்மிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும்தான் பயன்பட்டன. உறைந்த ரப்பரைத் தகடாக அழுத்தி எடுத்தபின் மிஞ்சிய புளித்த தண்ணீர் ஓடையில் போயிற்று. இன்று மாத்திரை, மிட்டாய், குளிர்பானம், தோல், துணி, மக்கிப்போகும் பிளாஸ்டிக் வரை இந்த அமிலங்கள் இல்லாமல் நடப்பதில்லை. இவற்றில் சிட்ரிக்கையும் லாக்டிக்கையும் செய்வதோ பெரும்பாலும் நுண்ணுயிர்கள். சர்க்கரைப்பாகைத் தொட்டியில் ஊற்றிப் பூஞ்சையையோ பாக்டீரியாவையோ விட்டால், சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். கூலி கேட்காத தொழிலாளி! ஆனால் அது கக்குவது தண்ணீருக்குள்ளே. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

நூறு குடம் தண்ணீரில் ஐந்து குடம் அமிலம். அதை எப்படிப் பிரிப்பது? காய்ச்சு என்பார்கள். சரி, காய்ச்சுவோம். ஆயிரம் லிட்டர் தொட்டி. உள்ளே 50 கிலோ அமிலம், 950 கிலோ தண்ணீர். கொதிநிலைக்கு ஏற்றவே ஏறத்தாழ 80,000 கிலோ கலோரி போகும். அதற்குமேல் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 540 கிலோ கலோரி. மொத்தம் ஆறு லட்சத்தை நெருங்குகிறது. ஒரு கிலோ விறகு 3,500 தரும், அதில் பாதிக்குமேல்தான் தண்ணீருக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், 300 கிலோ விறகை எரித்து 50 கிலோ அமிலம்! அடுக்கடுக்காக ஆவியை மறுபடி பயன்படுத்தும் கொதிகலன்கள் இந்தச் செலவைக் குறைக்கும், ஒழிக்கா. அதோடு முடிந்ததா? அசிட்டிக் அமிலம் 118 டிகிரியில் கொதிப்பது. தண்ணீரோடு சேர்ந்து அதுவும் ஆவியாகக் கிளம்பிவிடும். லாக்டிக் அமிலமோ கெட்டியாகக் காய்ச்சினால் தன்னோடு தானே பிணைந்துகொண்டு வேறு பொருளாகும்.

ஆகவே பழைய முறை வேறு. ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஷீலே கண்டது. புளித்த பாலிலிருந்து 1780-இல் லாக்டிக் அமிலத்தையும், எலுமிச்சைச் சாற்றிலிருந்து 1784-இல் சிட்ரிக் அமிலத்தையும் பிரித்தார். சாற்றில் சுண்ணாம்பைப் போட்டார். அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படிந்தது. அந்தப் படிவின்மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றினார். சுண்ணாம்பு திராவகத்தோடு போய்விட, சிட்ரிக் அமிலம் தனியே நின்றது. அபாரமான மூளை! கருவி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாத காலத்தில் செய்த வேலை.

பின்னர் எலுமிச்சை போய் பூஞ்சை வந்தது. கருப்புப் பூஞ்சையைக் கொண்டு சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக்கும் வழியை அமெரிக்கர் கரி 1917-இல் வெளியிட்டார். 1919-இல் ஃபைசர் கம்பெனி ஆலையில் அதைச் செய்துகாட்டியது. சிசிலித் தீவின் எலுமிச்சையை நம்பியிருந்த இத்தாலியின் ஆதிக்கம் சரிந்தது. செய்முறை மாறியது, பிரிமுறை மட்டும் ஷீலேயின் சுண்ணாம்பாகவே நின்றது.

அதன் ஐந்தொகையைப் பாருங்கள். ஒரு டன் சிட்ரிக் அமிலம் பிரிக்க 580 கிலோ நீற்றுச் சுண்ணாம்பும் 770 கிலோ கந்தகத் திராவகமும் வேண்டும். வேலை முடிந்ததும் கையில் ஒரு டன் சரக்கு. கொல்லையில் 1,300 கிலோவுக்கு மேல் ஜிப்சம்! லாக்டிக் அமிலத்துக்கும் டன்னுக்கு ஏறக்குறைய டன் ஜிப்சம்தான். சரக்குக்குச் சமமாகக் குப்பை. இரண்டு ரசாயனங்களை விலை கொடுத்து வாங்கி, மூன்றாவதைக் குவித்துவைக்கும் முறை இது. சுண்ணாம்புத் தூசியை மூக்கில் இழுப்பவனும், திராவகக் குழாயைத் திருப்புபவனும், ஈர ஜிப்சத்தை வாரிக் கொட்டுபவனும் யார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் அமீன் வருகிறது.

அமீன் என்றதும் செட்டிநாட்டுத் தோழர்களுக்கு அமீனா நினைவு வரும்! கோர்ட்டு உத்தரவோடு வந்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்துகொண்டு போகிறவர். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் இந்த அமீன் செய்வதும் ஜப்தி வேலையே. தண்ணீர் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுவருகிறது.

உரக்கடையிலே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை தெரியுமல்லவா? அதன் நடுவே இருப்பது ஒரு நைட்ரஜன் அணு. அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன். ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் கரிச் சங்கிலியை மாட்டினால் அமீன். குட்டைச் சங்கிலி மாட்டினால் கருவாட்டு வாடை அடிக்கும், தண்ணீரில் கரைந்தும் போகும். அது நமக்கு உதவாது. எட்டெட்டுக் கரியணு கொண்ட நீண்ட சங்கிலிகள் மூன்றையும் மாட்டினால் டிரை ஆக்டைல் அமீன். அது எண்ணெய்; தண்ணீரோடு ஒட்டாது. ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் நைட்ரஜனுக்கு அமிலத்தின்மேல் தீராத ஆசை. அமிலத்தின் ஹைட்ரஜனைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். உடம்பு எண்ணெய், உள்ளம் காரம்!

இந்த அமீனை மண்ணெண்ணெய் வகைத் திரவம் ஒன்றில் கலந்து, புளித்த தண்ணீரோடு சேர்த்துக் கடைகிறார்கள். பிறகு கடையாமல் விடுகிறார்கள். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. கீழே இருந்த அமிலம் இப்போது மேலே! அடுப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஜிப்சம் இல்லை. ஒரு தடவை கடைந்தால் பத்தில் ஒன்பது பங்கு மேலே போவதாக வைத்துக்கொண்டால், மிச்சத் தண்ணீரைப் புது எண்ணெயோடு இன்னொரு தடவை கடைந்ததும் நூற்றில் ஒன்றுதான் கீழே நிற்கும். வெறும் மண்ணெண்ணெயை ஊற்றிக் கடைந்து பாருங்கள். லாக்டிக் அமிலம் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஊர்ப்புறத்திலே 'சால்வென்ட் ஆலை' என்றால் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை. அங்கே திரவம் கெட்டிப் பொருளிலிருந்து எண்ணெயை உறிஞ்சுகிறது. இங்கே ஒரு திரவம் இன்னொரு திரவத்திலிருந்து அமிலத்தை எடுக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜப்தி செய்த சாமானை அமீனா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் யாருக்கு லாபம்? கோர்ட்டில் ஒப்படைத்தால்தானே வேலை முடிந்தது. அமீனும் பிடித்த அமிலத்தைக் கைவிடவேண்டும். மிக வலுவான காரம் ஒன்றைப் போட்டால் பிடி உடும்புப்பிடியாகிவிடும், விடுவிக்கவே மறுபடி ரசாயனச் செலவு. ஆகவே, பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அப்படிப்பட்ட நடுத்தர ஆசாமியைத் தேடினார்கள். குளிர்ந்த நிலையில் இந்தப் பிணைப்பு இறுக்கம், சூடேறினால் தளர்ச்சி. அமிலம் ஏறிய எண்ணெயோடு வெந்நீரைச் சேர்த்துக் கடைந்தால், அமிலம் வெந்நீருக்குள் இறங்கிவிடும். எண்ணெய் காலியாகி முதல் தொட்டிக்குத் திரும்பும். ஒரே அமீன், ஓயாத சுற்று.

இஸ்ரேலியரான பானியேலும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சூட்டு வித்தைக்கு 1981-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். பன்னிரண்டு கரியணுச் சங்கிலி மூன்று கொண்ட டிரைடோடெசில் அமீன், ஆக்டைல் ஆல்கஹால், பெட்ரோலியத் திரவம் ஆகிய மூன்றையும் வைத்துச் சிட்ரிக் அமிலம் பிரிக்கும் முறையை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் ஏற்று விதி வகுத்திருக்கிறது. ஆல்கஹால் எதற்கு என்றால், அமிலமும் அமீனும் கைகோத்தபின் அந்த ஜோடிக்கு வெறும் மண்ணெண்ணெய் பிடிப்பதில்லை. மேலும் கீழும் சேராமல் நடுவில் மூன்றாவது அடுக்காக நின்றுகொண்டு வேலையைக் கெடுக்கும். ஆல்கஹால் இருந்தால் கரைந்து அடங்கும். 1981-இல் பெற்ற அந்தக் காப்புரிமை காலம் கடந்துபோய்விட்டது. இன்று அந்த வித்தைக்கு எவனுக்கும் கப்பம் கட்டவேண்டியதில்லை!

அப்படியானால் எல்லா ஆலையும் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். காரணம் முதலாளியின் சோம்பல் மட்டும் என்று எழுதிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். உண்மை கிடைக்காது. இதிலே மெய்யான முட்டுக்கட்டை ஒன்று இருக்கிறது.

தண்ணீரில் அமிலம் இரண்டு நிலையில் இருக்கும். ஹைட்ரஜனோடு முழுதாக நிற்பது ஒன்று. ஹைட்ரஜனை இழந்து உப்பாகி நிற்பது இன்னொன்று. அமீன் பிடிப்பது முழு அமிலத்தை மட்டுமே. தண்ணீர் நன்றாகப் புளித்திருக்கும்வரை, அதாவது லாக்டிக் அமிலத்துக்குப் பிஎச் 3.8-க்குக் கீழே இருக்கும்வரை, பாதிக்கு மேல் முழு அமிலம். பிஎச் 6-க்குப் போய்விட்டால் நூற்றில் ஒன்றுகூட முழுதாக இராது. ஆனால் அமிலத்தைக் கக்கும் பாக்டீரியாவுக்கோ அதிகப் புளிப்பு ஆகாது. தான் கக்கிய அமிலத்திலேயே முடங்கிப்போகும். அதைக் காப்பாற்றச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்கிறார்கள். முறித்தால் அமீனுக்கு வேலையில்லை. முறிக்காவிட்டால் பாக்டீரியாவுக்கு உயிரில்லை! போதாததற்கு, அமீனும் அதைச் சுமக்கும் எண்ணெயும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் கலந்தால் அந்த உயிரையே கொல்லும்.

உலகத்து ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாக இந்த இடத்தில்தான் மல்லுக்கு நிற்கின்றன. கலிபோர்னியாவில் ஜட்சன் கிங் பெரும்பணி செய்தார். அவரும் கெர்ட்டெசும் 1986-இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இத்துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுவது. நம் நாடும் கைகட்டி நிற்கவில்லை. மும்பை ரசாயனத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த பாங்கர்கரும் வாசேவரும், நெதர்லாந்து விஞ்ஞானிகள் இருவருடன் சேர்ந்து, 'அலமைன் 336' என்ற அமீன் லாக்டிக் அமிலத்தை எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு விரைவில் பிடிக்கும் என்பதை அளந்து 2002-இல் வெளியிட்டனர். வாசேவர் பின்னர் நாகபுரியிலிருந்து பல அமிலங்களுக்கு இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

கடைந்து பிரிக்கும் கைப்பழக்கமும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குப் புதிதல்ல. கல்பாக்கத்தில் எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரிப்பது இதே தத்துவத்தில்தான்; அங்கே அமீனுக்குப் பதில் டிரைபியூட்டைல் பாஸ்பேட். கதிர்வீச்சுக்கு நடுவில் செய்து காட்டிய வேலையைப் புளித்த தண்ணீரில் செய்ய முடியாதா?

கண்டரமாணிக்கத்துத் தோழர்கள் காரைக்குடிக்குப் போகும்போதெல்லாம் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்திருப்பார்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் செட்டிநாட்டுக்கு வந்த கூடம் அது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அமீன் அவர்கள் துறை அல்ல, மின்சாரம் அவர்கள் துறை. ஆனால் அமிலத்தைச் சவ்வுகளின் வழியே மின்சாரத்தால் இழுத்துப் பிரிக்கும் முறை ஒன்றும் உலகில் இருக்கிறது. அது அமீனுக்குப் போட்டி. எந்தத் தண்ணீருக்கு அமீன், எந்தத் தண்ணீருக்கு மின்சாரம் என்று சீர்தூக்கிச் சொல்லக் கூடியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மக்கள் பணத்தில் நடக்கும் கூடம்; கேட்க நமக்கு உரிமை உண்டு.

எல்லாத் தண்ணீருக்கும் அமீன் ஏற்றது என்று நாம் சொல்லவில்லை. சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகளின் தண்ணீர் புளித்துத்தான் கிடக்கிறது. ஆனால் அமிலம் மிக மெல்லிது. அதைத் தேடிப் பிடிக்கும் செலவு சரக்கின் விலையைத் தின்றுவிடும். அங்கே அந்தத் தண்ணீரை அடைத்துவைத்து எரிவாயு எடுப்பதே கெட்டிக்காரத்தனம், எடுக்கவும் செய்கிறார்கள். கெட்டியாகவும் நன்றாகப் புளித்தும் வருகிற தண்ணீர், நொதித்தொட்டியிலிருந்து நேரே வரும் பாகு: அவைதாம் அமீனுக்கு ஏற்ற இடம். சிட்ரிக் அமிலத்தில் உலகச் சந்தையின் பெரும்பங்கைச் சீனா கையில் வைத்திருக்கும் இந்நாளில், கரும்பும் மரவள்ளியும் விளையும் நாடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருப்பது அறியாமை என்று நாம் கருதுகிறோம்.

போட்டுப் பார்த்து ஆலை வைக்கிறார்கள் என்றே கொள்வோம். அப்போது வாயிற்கூட்டத்தில் தோழர்கள் கேட்கவேண்டியவை சில உண்டு. கடைந்து தெளிந்த தண்ணீர் கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றும். அதற்குள் எண்ணெய்த் துளி பொடிப்பொடியாக மிதக்கும். அமீன் மீனுக்கு நஞ்சு. அமிலத்தை எடுத்துவிட்டு அமீனை ஊருணிக்கு அனுப்பினால் திருடனைத் துரத்திக் கொள்ளைக்காரனை வீட்டில் வைத்த கதைதான். ஆகவே, வெளியே போகும் தண்ணீரில் அமீன் எவ்வளவு என்று நாள்தோறும் அளக்கிறார்களா, அளந்ததை எழுதி ஒட்டுகிறார்களா என்று கேட்கவேண்டும். நூறு லிட்டர் அமீன் வாங்கிய ஆலையில் ஆண்டு முடிவில் தொண்ணூறுதான் இருக்கிறதென்றால் அந்தப் பத்து லிட்டர் எங்கே? தொட்டியில் சிதைந்ததா? சரக்கோடு போனதா? சாக்கடையில் போனதா? இதற்கு ரசாயனப் பட்டம் வேண்டாம். கொள்முதல் ஏட்டைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று. அமீன் தோலில் பட்டால் எரிக்கும். கண்ணில் பட்டால் கெடுக்கும். அதைச் சுமக்கும் திரவமோ மண்ணெண்ணெய்ச் சாதி; தீப்பற்றும். கடையும் தொட்டிக்கு மூடி வேண்டும், கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும், கைக்கு எண்ணெய் ஊறாத உறை வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பீப்பாய் வந்து இறங்கும்போது அதன்மேல் ஒட்டியிருப்பது இங்கிலீஷ் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும்தான் என்றால், உருட்டுகிறவனுக்கு அது என்ன சொல்லும்? உள்ளே இருப்பதன் பெயர், உடம்பில் பட்டால் உடனே செய்யவேண்டியது, தீப்பிடித்தால் எதைக்கொண்டு அணைப்பது: இந்த மூன்றும் தமிழில், எட்ட நின்றே படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் பீப்பாயின்மேல் இருக்கவேண்டும். அதைப் படித்துக் காட்டிய பிறகே முதல் பீப்பாயை வண்டியிலிருந்து இறக்கச் சொல்லவேண்டும்.